தொப்பி நுனியில் பட்ட விரல்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. பொங்கல் விடுமுறை முடிந்த மறு வாரம், தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த பெண்கள் கல்லூரியின் மைதானத்தில், கல்லூரிகளுக்கு இடையிலான சாஃப்ட்பால் இறுதிப் போட்டி. நான் அந்தக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். பிள்ளைகள் வாயில் பி.டி. மேடம். ஓய்வு பெற இன்னும் நாலே மாதம்தான் இருந்தது.

நான் நாசரேத்துக்காரி. முப்பது வருடத்துக்கு முன்னால் அந்தக் கல்லூரியில் சேர்ந்தபோது சாஃப்ட்பால் என்றால் அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. "என்ன மேடம், பொம்பளப் பிள்ளைகளுக்குத் தனியா ஒரு கிரிக்கெட்டா?" என்று வாட்ச்மேன் அண்ணாச்சி கேட்டார். ஒன்பது பேர் ஆட வேண்டிய இடத்தில் ஆறு கையுறைதான் இருந்தது. மதியத்துக்கு மேல் துறைமுகப் பக்கத்துக் காற்று பந்தை அதன் இஷ்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும். அதனால் காலை ஆறு மணிக்கே மைதானத்தில் நிற்பேன். பிந்தி வருகிறவளுக்கு என் வாயில் நல்ல வார்த்தை கிடைக்காது. எனக்கு வாய் நீளம். அதைப் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அடித்தவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு ஓட வேண்டிய பேஸ்களில், மூன்றாவதன் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். கோச் அதில் நின்றுகொண்டு, ஓட வேண்டியவளுக்குக் கையாலேயே உத்தரவு கொடுப்பார். காதைத் தொடுவேன், மூக்கைத் தொடுவேன், இடுப்பைத் தொடுவேன், தோளைத் தொடுவேன். முக்கால்வாசி எதிரணியை ஏமாற்றத்தான். முதல் தடவை தொப்பி நுனியைத் தொட்டதும் அடுத்து எதைத் தொடுகிறேனோ, அதுதான் நிஜ உத்தரவு. தோள் என்றால் நில். இடுப்பு என்றால் அடுத்த பேஸுக்கு ஓடு. முப்பது வருடமாக இதுதான் எங்கள் பாஷை.

அந்தப் போட்டிக்கு ஒன்றரை வருடத்துக்கு முன்பே என் வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. பாளையங்கோட்டையில் நரம்பு டாக்டரிடம் ரகசியமாகப் போனேன். அது என்ன நோய் என்று அவர் பெயர் சொன்னார், மாத்திரை எழுதினார். வீட்டுக்காரரைத் தவிர ஒருத்தரிடமும் நான் மூச்சு விடவில்லை. சொன்னால் உடனே வேறு ஆளைக் கட்டத்தில் நிறுத்திவிடுவார்கள். கடைசி வருடம் கோப்பையோடு போக வேண்டும் என்று எனக்கு ஆசை. அதை ஆசை என்று இப்போது சொல்கிறேன், அன்றைக்குக் கடமை என்று சொல்லிக்கொண்டேன். நடுங்கும் கையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொள்வேன், ஸ்கோர் அட்டையைப் பிடித்துக்கொள்வேன். யாருக்கும் தெரியாது என்று நம்பினேன். அந்த வருடம் தொடர்ந்து ஜெயித்தும் வந்தோம்.

அணியில் மூன்றாம் வருடம் படித்த ஒரு பெண் இருந்தாள். கடற்கரைத் தெருப் பிள்ளை. அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். என் முப்பது வருடத்தில் அவள் மாதிரி ஓடினவளை நான் பார்த்ததில்லை. அன்றைய போட்டியைப் பார்க்கப் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வந்திருந்தார்கள். அந்த அணியில் ஆடிய சான்றிதழ் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்குப் போலீஸ் வேலை ஏறக்குறைய நிச்சயம். வீட்டில் முதல் அரசாங்க வேலை. அவள் அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருப்பதாக முதல் நாள் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

கடைசிச் சுற்று. நாங்கள் ஒரு ரன் பின்னால். இரண்டு பேர் அவுட். அவள் இரண்டாவது பேஸில் நிற்கிறாள். பேட்டோடு நிற்பவள் எங்களில் நன்றாக அடிக்கிறவள். ஒரு நல்ல அடி விழுந்தால் போதும், இவள் அங்கிருந்தே வந்து சேர்ந்து ரன்னைச் சமன் செய்துவிடுவாள். அந்த நேரத்தில், அடி விழும் முன்பே மூன்றாவது பேஸைத் திருடப் பாய்வது சுத்தப் பைத்தியக்காரத்தனம். மூன்றாவது ஆளாக இவளும் அவுட்டானால் ஆட்டமே போச்சு. அதனால் 'நில்' என்றுதான் கை காட்டினேன். காட்டினேன் என்றுதான் நினைத்தேன்.

பந்து எறிபவளின் கையை விட்டதும் இவள் பாய்ந்தாள். பந்து அவளுக்கு முன்னால் மூன்றாவது பேஸுக்கு வந்துவிட்டது. சறுக்கி வந்தவளின் ஷூ பேஸின் ஓரத்தில் மாட்டி, முழங்கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாகத் திரும்பியது. என் காலடியில் வந்து விழுந்தாள். அவுட். ஆட்டம் முடிந்தது.

அந்த இடத்தில் மனுஷியாக இருந்தால் முதலில் குனிந்து அவளைத் தூக்கியிருக்க வேண்டும். நான் கத்தினேன்.

"கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு ஒனக்கு? ஏளா, என் கையப் பாத்தியா இல்லையா?"

வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். சுற்றிலும் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஆள் எடுக்க வந்தவர்களும் பக்கத்தில் நின்றார்கள்.

"பாக்கல மேடம். தப்பு என் மேலதான்" என்றாள்.

"கோச் கையைப் பாக்காதவளுக்கு இந்த ஆட்டம் எதுக்கு?" என்று அதற்கும் மேலே ஒன்று சொன்னேன். அவர்கள் காதில் விழட்டும் என்றே சொன்னேன். தோல்விக்கு நான் காரணமில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமே!

முழங்காலில் தசைநார் கிழிந்திருந்தது. ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு முறை போனேன், பழம் வாங்கிக் கொடுத்து, "இனியாவது கவனமா இரு" என்று புத்தியும் சொல்லிவிட்டு வந்தேன். தலையை ஆட்டினாள். அதோடு அவள் ஓட்டம் முடிந்தது.

நாலு மாதம் கழித்து எனக்குப் பணி நிறைவு விழா. மாலை, பொன்னாடை, பழைய மாணவிகள் கூட்டம். பிள்ளைகள் என் படங்களையும் வீடியோக்களையும் சேர்த்துத் திரையில் ஓட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். இடையில் அந்த இறுதிப் போட்டியிலிருந்து ஒரு துண்டு வந்தது. யாரோ ஒரு பிள்ளையின் அண்ணன் செல்லில் எடுத்தது. கட்டத்தில் நின்று நான் கை காட்டுகிறேன். ஓடுவது, விழுவது எதுவும் அதில் இல்லை, நான் மட்டும்தான். மூக்கைத் தொடப் போன விரல் வெடவெடவென்று நடுங்கித் தொப்பி நுனியில் படுகிறது. அடுத்து, சும்மா ஏமாற்றுவதற்காக இடுப்பைத் தொடுகிறேன். அதற்குப் பிறகுதான் நான் நிஜம் என்று நினைத்துத் தொப்பியையும் தோளையும் தொடுகிறேன்.

தொப்பி, இடுப்பு. ஓடு என்று அர்த்தம். நானேதான் சொல்லியிருக்கிறேன்.

அரங்கம் கைதட்டிக்கொண்டிருந்தது. மாலை கழுத்தை அறுப்பது போல் இருந்தது எனக்கு. விழா முடிந்ததும் அந்த வருடத்துக் கேப்டனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு அழுதுகொண்டே சொன்னாள்.

என் கை நடுங்குவது அவர்களுக்கு ஒரு வருடமாகவே தெரியும். என்னிடம் சொன்னால் மனம் உடைந்துவிடுவேன் என்று தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். என் கையில் எது நிஜம், எது நடுக்கம் என்று கேப்டன் பிரித்துப் பார்ப்பாள். பெஞ்சுப் பக்கம் நின்று அவள் கை கட்டினால் நில், தண்ணீர் பாட்டிலைத் தூக்கினால் ஓடு. மற்றவர்கள் என்னைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு அவளைப் பார்ப்பார்கள். அந்த வருடம் முழுக்க நாங்கள் ஜெயித்தது அப்படித்தான். நான் என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

"அன்னைக்கும் நான் கை கட்டித்தான் நின்னேன் மேடம். அவ என்னையும் பாத்தா, உங்களையும் பாத்தா. ஆனா ஓடிட்டா" என்றாள்.

மறுநாளே, முழங்கால் போன அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் அப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில், உள்ளே வரும் லாரிகளின் நம்பரை எழுதும் வேலையில் சேர்ந்திருந்தாள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. கதவைத் திறக்க வந்தபோது காலை லேசாக இழுத்து வைத்தாள். அவள் அப்பாவும் வீட்டில் இருந்தார்.

வீடியோவில் பார்த்ததைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"அப்ப ஏன் பாக்கலன்னு சொன்ன?"

"அத்தன பேரு முன்னால உங்க கை நடுங்குதுன்னு எப்படி மேடம் சொல்லுவேன்?"

"கேப்டன் நில்லுன்னு காட்டினாளே. அதப் பாத்தும் ஏன் ஓடின?"

"மத்தவங்க கேப்டனப் பாத்தாங்க. எனக்கு அது பிடிக்கல மேடம். உங்க கை தெரிஞ்சு பட்டுச்சா, தெரியாம பட்டுச்சான்னு நாங்களே முடிவு பண்ணுனா, அப்புறம் நீங்க எதுக்கு அங்கன நிக்கிய? ஓடுன்னு கை வந்துச்சு. ஓடினேன்" என்றாள்.

அவள் அப்பா அதுவரை சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "எங்ககிட்ட வளந்த பிள்ள மேடம், அப்படித்தான் இருப்பா" என்றார். "கடலுக்கு அடியில இருக்கும்போது மேல படகுல கயிறு பிடிக்கிறவன் இழுத்தா, கையில சங்கு இருந்தாலும் போட்டுட்டு வந்திரணும். ஏன் இழுத்தன்னு கேக்கப்படாது. அவனுக்குத் தெரியும். அதனாலதான் சொந்தக்காரன், அதுலயும் மச்சான் முறை உள்ளவனைக் கயிறு பிடிக்க வப்போம். அவன் கூடப் பொறந்தவ தாலி அந்தக் கயித்துலல்லா இருக்கு."

எனக்கு என்னவோ கேட்கத் தோன்றியது. கேட்டிருக்க வேண்டாம். "கயிறு பிடிக்கிறவருக்கே உடம்புக்கு முடியலன்னா என்ன செய்வீங்க?" என்றேன்.

"அவனே சொல்லிருவான் மேடம். 'எனக்கு இன்னைக்குக் கை சரியில்ல, இறங்காதிய'ன்னு சொல்லிருவான். அத மறைக்க மாட்டான். கீழ இருக்கது உசுருல்லா."

குத்திக் காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. நான் கேட்டேன், அவர் தொழிலில் உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். பிடித்த கை நடுங்கியது. அவள் தன் இன்னொரு கையை அதன் மேல் வைத்து, "விடுங்க மேடம், மாத்திர ஒழுங்காப் போடுதீங்களா?" என்று கேட்டாள். அதற்கு மேல் என்னால் அழாமல் இருக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய மாணவிகள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை என் குரலிலேயே பேசிப் போட்டேன். ஆள் எடுக்க வந்தவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்து அவரிடமும் சொன்னேன். "பெரிய மனசு மேடம் உங்களுக்கு" என்றார் அவர். அவளுடைய முழங்காலுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவள் படிப்பும் அதற்குள் முடிந்துவிட்டது, பல்கலைக்கழக அணிக்கு இனி ஆட முடியாது.

இப்போதும் யாராவது என்னைப் பார்த்தால் முப்பது வருடத்தில் எத்தனை கோப்பை மேடம் என்று கேட்கிறார்கள். எனக்கு எண்ணிக்கை சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. கை நடுங்கத் தொடங்கிய பிறகும் அத்தனை பேரில் என் கையை நம்பி ஓடியவள் அவள் ஒருத்திதான், அவளைத்தான் என் கையைப் பார்க்காதவள் என்று நான் ஊர் முன்னால் திட்டினேன் என்பது மட்டும் ஒரு நாளும் மறப்பதில்லை.