வேறொருவர் குழியில் என் தாத்தா பெயர்

சித்தூர் கல்லறைத் தோட்டத்தில் என் தாத்தாவின் குழியைத் தேடினேன். ஞானஸ்நானத்துக்கு முந்தைய ஜனக்கணக்கில் அவர் முனுசாமி. சபையின் கலியாண ரிஜிஸ்தரில் யோவான். தோட்டத்தில் யோவான் என்று ஒரே ஒரு மரச்சிலுவைதான் இருந்தது. அதிலிருந்த வயது மட்டும் ஜனக்கணக்கோடு பத்து வருஷம் உதைத்தது. அந்தக் காலத்தில் வயதை யார் சரியாகச் சொன்னார்கள் என்று நானே தீர்மானித்து, சிலுவையைப் பிடுங்கிவிட்டுத் தாத்தா பெயர் வெட்டிய கல்லை நட்டேன்.

ஈஸ்டர் காலையில், திருப்பதியிலிருந்து பூக்கூடையோடு வந்த ஒரு அம்மாள் அங்கே திகைத்து நின்றார்.

"எங்க நைனா இங்கதாங்க படுத்துக்கினு கீறாரு. நான் நட்ட சிலுவை எங்கங்க?"

அது எங்கள் அடுப்பில் எரிந்துபோயிருந்தது.

மறுநாளே கல்லைப் பெயர்த்துவிட்டுப் புதுச் சிலுவை நட்டேன். இப்போதெல்லாம் சபையில் எல்லோரிடமும் விசாரிக்காமல் எந்தக் குழியையும் தொடுவதில்லை. தாத்தா இன்னும் கிடைக்கவில்லை. அவருடைய கல் எங்கள் கொல்லையில் குப்புறக் கிடக்கிறது.