மூன்று அட்டைகளில் ஒரே எடை

1982 ஆகஸ்ட் 11, புதன்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். டெல்லி மோதி பாக் பால் பூத்தில் இரண்டு பாட்டில் வாங்கினேன். 7.35 பஸ்ஸில் உட்கார இடமில்லை. 8.40க்கு அலுவலகம் வந்ததும், வழக்கம்போல, தொங்குதராசில் ஐந்து கிலோ எடைக்கல்லை மாட்டி முள்ளைப் பார்த்தேன். சரியாக ஐந்தில் நின்றது.

அப்போது நான் குழந்தைகளின் வயிற்றுப்போக்கையும் வளர்ச்சியையும் ஆராயும் ஒரு குழுவில் இருந்தேன். நாலா என்ற சாக்கடைக் கால்வாயின் கரையோரத் தமிழர் குடிசைகளுக்கு, அங்கேயே குடியிருந்த ஒரு பெண்ணைக் களப்பணியாளராக வைத்திருந்தோம். மாதம் ஒரு முறை ஒவ்வொரு குழந்தையையும் எடை போட்டு அட்டையில் எழுதுவது அவர் வேலை. கணவரை இழந்தவர், இந்தத் தற்காலிக வேலையை விட்டால் வேறு வழியில்லை. அதை நீட்டிக்கும் படிவம் என் மேஜையில் கிடந்தது. மறுநாள் மதியத்துக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

நான் கையெழுத்திடாததற்குக் காரணம் மூன்று அட்டைகள். ஒரே சந்தில் மூன்று வீடுகள், வெவ்வேறு வயதில் மூன்று குழந்தைகள். ஜூனில் மூன்றும் 9.4 கிலோ. ஜூலையில் மூன்றும் 9.7.

குழந்தைகள் அப்படிப் பேசிவைத்துக்கொண்டு வளர்வதில்லை. எங்கோ நிழலில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவருடைய கையெழுத்து அழகாக இருந்ததுகூடச் சந்தேகமாகப் பட்டது. வீடு வீடாகப் போகிறவரின் அட்டையில் கொஞ்சமாவது அழுக்கு இருக்காதா?

யாரிடமும் சொல்லாமல் பத்து மணிக்கு அந்தக் குடிசைப் பகுதியில் போய் இறங்கினேன்.

"அய்யோ மேடம், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டீ வாங்கி வெச்சிருப்பேனே" என்று ஓடிவந்தார் களப்பணியாளர்.

"டீ வேண்டாம். இந்த மூணு வீட்டுக்கும் இப்பவே போகணும்."

அட்டைகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அதையும் குறித்துக்கொண்டேன்.

முதல் வீட்டில் கொழுகொழுவென்று ஒரு பையன். வாய்ப்புண்ணுக்குத் தடவிய ஊதா மருந்து கீழுதட்டில் அப்பியிருந்தது. தராசு 9.9 காட்டியது. களப்பணியாளர் அதையேதான் எழுதினார். அந்த வீட்டுக்காரி, "தண்ணி குடிங்க மேடம், வெயில்ல வந்திருக்கீங்க" என்று எங்களை விடவே இல்லை.

இரண்டாம் வீட்டில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பையன். 9.9. உதட்டில் ஊதா.

மூன்றாம் வீட்டில் கவுன் போட்ட ஒரு குழந்தை, முகம் முழுக்கப் பவுடர். 9.9. வியர்வையில் பவுடர் கரைந்த இடத்தில் ஊதா எட்டிப்பார்த்தது.

"இவன் ஒரு காலையில எத்தனை வீட்டுல பால் குடிப்பான்?" என்று கேட்டேன்.

மூன்றாம் வீட்டுத் தாய் சிரித்துவிட்டாள். உடனே வாயை மூடிக்கொண்டாள். "எம்புள்ள நோஞ்சான் மேடம். எடை குறைஞ்சா பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு குடுப்பீங்க. அங்க போனா பூரா நாளும் லைன்தான். ஒரு நாள் வரலைன்னா நான் வீட்டுவேலை செய்யுற மேம்சாப் வேற ஆளை வெச்சிடும்."

இரண்டாம் வீட்டிலும் இதே கதை என்று தெரிந்தது. நாங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது முதல் வீட்டுப் பையன் பின்சந்து வழியாக வீடு மாறியிருக்கிறான்.

வெளியே வந்து களப்பணியாளரை நிறுத்தினேன். "உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா எழுதினீங்க?"

"தராசு காட்டினதைத்தான் எழுதினேன். நூறு கிராம் கூட்டல, குறைக்கல. இது உம்புள்ள இல்லடின்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? நாளைக்கு அதே குழாயிலதான நானும் தண்ணி புடிக்கணும்."

நான் அதை முழுதாக நம்பிவிடவில்லை. "முதல்ல இந்த மூணாவது வீட்டு அசல் குழந்தையைக் காட்டச் சொல்லுங்க. காட்டினா படிவத்துல கையெழுத்துப் போடுறேன். இல்லைன்னா இல்லை."

"காலையில ஆறு மணிக்கு வாங்க மேடம். அப்புறம் அவ வேலைக்குப் போயிடுவா. பேசிப் பாக்குறேன்."

வீடு திரும்பும் பஸ்ஸில்தான் தோன்றியது: கொழுத்த பிள்ளையை இரவல் வாங்கத் தெரிந்தவர்களுக்கு மெலிந்த பிள்ளையை வாங்கத் தெரியாதா?

ஆகஸ்ட் 12, காலை 6.05. மூன்றாம் வீட்டில் ஒரு மெலிந்த பெண்குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார்கள். நான் தராசை எடுக்கவில்லை. முதல் வேலையாகக் குழந்தையை வாங்கித் தரையில் விட்டேன். தாய், பக்கத்து வீட்டுக்காரி, களப்பணியாளர் மூவரையும் பேசாமல் தள்ளி நிற்கச் சொன்னேன். குழந்தை கொஞ்சம் அழுதது. பிறகு மற்ற இருவரையும் தாண்டித் தவழ்ந்துபோய்த் தாயின் புடவையைப் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகே தராசை மாட்டச் சொன்னேன்.

"ஆறு புள்ளி எட்டு" என்று படித்தார் களப்பணியாளர். முள்ளை நானும் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டை எழுதி நீட்டினேன். தாய் கையை நீட்டவில்லை.

"நீ வேலைக்குப் போடி. நான் தூக்கிட்டுப் போறேன்" என்று களப்பணியாளர் சீட்டை வாங்கிக்கொண்டார்.

படிவத்தைப் பையிலிருந்து எடுத்து, கதவில் வைத்துக் கையெழுத்திட்டேன்.