யானை வாடை

பீளமேட்டுக் கல்லூரி நண்பர்கள் இருவர், தொண்டாமுத்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சாயங்காலம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வாழைத்தோட்டத்துக்குள் குறுக்கே நடந்தோம். பாதி வழியில் எனக்கு யானை வாடை அடித்தது. ஊறிய வைக்கோலும் மூத்திரமும் கலந்த நெடி. கைகளை விரித்துப் பாதையை மறித்தேன்.

“எங்களுக்கு ஒண்ணுமே அடிக்கலியே! மூக்குல ரேடார் வெச்சிருக்கியாடா?”

“வாடை வந்தா பக்கத்துல நிக்குதுன்னு அர்த்தம். திரும்புங்கடா.”

சுற்றி வந்ததில் பஸ் போய்விட்டது. யானையை யாரும் பார்க்கவில்லை. கல்லூரி முழுக்க என்னைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள். சொல்லட்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதற்கும் முன்பே அப்பாவோடு தோட்டக் காவலுக்குப் போனவன். நாளைக்கு அந்த வாடை அடித்தாலும் மறிப்பேன்.