இல்லை என்று எழுதிய நோய்

வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர்கள் இன்றும் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். பாஸ்போர்ட், மார்க் ஷீட், எந்தக் கல்லூரி நல்லது, அங்கே சோறு கிடைக்குமா என்று எல்லாம் கேட்பார்கள். நான் ஒன்றுதான் கேட்பேன். "பிள்ளைக்குச் சின்ன வயசுல என்ன நோவு வந்துச்சு? அத எழுதினீங்களா?" தாயும் தகப்பனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எனக்கு எரிச்சல் வரும். கூடவே பயமும் வரும். டாக்டராகி இத்தனை வருஷம் ஆன பிறகும் அந்தப் பயம் என்னை விடவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ரஷ்யாவில் மருத்துவம் படிக்க எனக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. இங்கே இடம் தவறிப்போயிருந்தது. அதை விட்டால் நான் டாக்டராக வேறு வழியே இல்லை. அப்பா எங்கள் ஊரில் காளவாசல் பகுதியில் அரிசிக்கடை வைத்திருந்தார். அரிசி வாங்க வந்தவர்கள், வராதவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மருத்துவச் சான்றிதழ் அனுப்புவது மட்டும்தான் பாக்கி. அந்தப் படிவத்தில், முன்பு காசநோய் இருந்ததா என்று ஒரு கேள்வி.

இருந்தது. நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் வந்தது. அம்மா என்னைத் தன் தாய் வீட்டுக்குக் கூட்டிப்போய், மாதக்கணக்கில் அங்கேயே தங்கி, பக்கத்து ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் குணமாக்கினாள். அப்பாவுக்குத் தெரியும். மற்றபடி ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது.

"இல்லைன்னே எழுது தாயி," என்றாள் அம்மா. "சீக்காளிப் புள்ளைன்னு பேராச்சுன்னா ஒருத்தனும் நம்ம வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டான்."

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லாததை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். ரஷ்யாக்காரன் என்னைப் பெண் பார்க்க வரவில்லை என்பது என் மரமண்டைக்கும் உறைக்கவில்லை. இல்லை என்று எழுதினேன்.

பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஜில்லென்ற தகட்டில் மார்பை அழுத்தி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, நெஞ்சுல தழும்பு இருக்கே. நீ ஒண்ணுமே இல்லைன்னு எழுதியிருக்க?"

சின்ன வயதில் வந்து குணமானது என்று சொன்னேன்.

"பழைய தழும்புன்னா பயமே இல்ல. வைத்தியம் பாத்த எடத்துல ஒரு கடிதாசி வாங்கிட்டு வா, படிவத்தையும் மாத்தி எழுது. கையெழுத்துப் போட்டுத் தாரேன். கடிதாசி இல்லாட்டி இது பழசா புதுசான்னு நான் எத வச்சுச் சொல்ல?"

புதுசா? அந்தச் சொல் என் ஈரக்குலையைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் கிணற்றடிக்குப் போய்க் காறித் துப்பி, ரத்தம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். தொண்டை கமறினால்கூடச் செத்துப்போவேன் என்று நினைத்தேன். ரஷ்யா போகாமல் சாவதா, போய்ச் சாவதா என்று வேறு ஒரு யோசனை.

அம்மா மிஷன் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றாள். "அம்புட்டுப் பழைய சீட்டையா வச்சிருப்பாக? எப்பவோ எரிச்சிருப்பாக," என்றாள். அப்பா, "நானும் வாரேன், கேட்டுத்தேன் பாப்பமே," என்றதும் இன்னும் பிடிவாதமானாள். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"எம் படிப்ப விட வரப்போற மாப்ளதேன் ஒனக்குப் பெருசா?" என்று கத்தினேன்.

மறுநாள் காலை அவள் எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள்.

மூவரும் பஸ்ஸில் போனோம். அந்த ஆஸ்பத்திரியில் இப்போது வேறொரு டாக்டரம்மா இருந்தார். என் பெயரில் தேடச் சொன்னார். கிடைக்கவில்லை.

"சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பெரியவங்ககிட்ட இருந்துதான் தொத்தும்," என்றார் டாக்டரம்மா. "அப்படி வந்தா பெரியவங்க பேர்லதான் ரெண்டு சீட்டையும் சேர்த்து வைப்பாங்க. உங்க வீட்டுல யாருக்கு இருந்துச்சு?"

"எங்க வீட்டுல யாருக்கும் கெடையாதுங்க," என்றார் அப்பா, அடித்துச் சொல்வதுபோல.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எம் பேர்ல தேடுங்க டாக்டரம்மா," என்றாள். "புருசன் பேர்ல இருக்காது. எங்கய்யா பேரு போட்டிருக்கும். கல்யாணத்துக்கு முந்தி வந்துச்சு. இவ பெறந்தப்பறம் திரும்பவும் வந்துச்சு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தேன் ஊசி போட்டுக்கிட்டோம்."

சீட்டு இருந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தன. இருவருக்கும் பூரண குணம் என்று டாக்டரம்மா அப்பாவிடம் வாய்விட்டுச் சொல்லி, எனக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

திரும்பும்போது அம்மா பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் அப்பா கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவாரோ என்று எனக்கு உயிரே இல்லை. கடிதத்தை மடியில் வைத்திருந்தேன். அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அப்பா அவளை அனுப்பவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டர் கையெழுத்துப் போட்டார், என் இடம் உறுதியானது. அந்த வாரமே அப்பா கடைவீதியிலிருந்து ஒரு புது எவர்சில்வர் தம்ளர் வாங்கிவந்து, அம்மாவுக்கு என்று தனியாக வைத்தார்.

"குணமாயிருச்சுன்னு டாக்டரம்மா சொன்னாகல்லப்பா," என்றேன்.

"தெரியும் தாயி," என்றார்.

நான் ரயிலேறிய அன்றும் அம்மா அந்தத் தம்ளரில்தான் காபி குடித்தாள். எனக்கும் அதே நோய்தான் வந்திருந்தது. எனக்கு யாரும் தனித் தம்ளர் வைக்கவில்லை.