மச்சான் மண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த கதை

பக்கவாதம் வந்ததிலிருந்து என் மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், பேசுவதில்லை, தலைகூட ஆட்டுவதில்லை. "நான் பேசுறது அவருக்குப் போய்ச் சேருதான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் தம்பி" என்று அக்கா அழுததால்தான் போன மாசியில் இந்தப் பயணம். மண்டைக்குள் வெளிச்சம் செலுத்தி, மூளை வேலை செய்வதைக் காட்டும் தொப்பி ஒன்று திண்டுக்கல் மருத்துவ முகாமுக்கு வந்திருந்தது. ஆசியாவிலேயே மூன்றுதான் இருக்கும்.

சாணார்பட்டியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், ஆட்டோ நானூறு ரூபாய். டிரைவர் அறுநூறு கேட்டார். நான் பேசிய பேச்சில் தானே இறங்கி வந்தார்.

பெரிய இடமாயிற்றே என்று முதல் நாளே மச்சான் தலைக்குக் கருகருவென்று டை அடித்துவிட்டிருந்தேன். முகாமில் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருவர் தொப்பியை மாட்டினார். திரையில் ஒன்றுமே வரவில்லை.

"யாரு சார் டை அடிச்சது?"

"நாந்தான். புது மாப்ள கணக்கா இருக்காருல்ல?"

"இருக்காரு. ஆனா கருப்பு முடி வெளிச்சத்த முழுங்கிரும் சார்."

அக்கா பார்த்த பார்வையை எழுத முடியாது. அந்தப் பெண் சலிக்காமல் வகிடு வகிடாக முடியை விலக்கித் தொப்பியைத் தோலில் படிய வைத்தார். வெளிச்சம் மண்டையோட்டைத் தாண்டிப் போய்த் திரும்புமாம். மூளையில் ரத்தம் கூடும் இடத்தில் திரையில் சிவப்பு ஏறுமாம். பத்தாவது வரை போனவன், எனக்கு உடனே விளங்கிவிட்டது. கரண்ட் எடுக்க, காந்தத்தால் சூரியன் மாதிரி நெருப்பையே கூண்டில் அடைக்கப் பார்க்கிற காலம், இதென்ன பிரமாதம்!

முதலில், பதிவு செய்த ஒரு பேச்சை வெறும் சத்தமாகக் கேட்கும்படி பின்னாலிருந்து முன்னாக ஓட்டிக் கேட்க வைத்தார். திரையில் அசைவில்லை. "இப்ப நீங்க பேசுங்க சார்."

"என்ன மச்சான், ஜல்லிக்கட்டுல ஒம்ம காளை வாடிவாசல்லயே படுத்துக்கிருச்சே, நாந்தானே தூக்கிவிட்டேன்?"

ஒன்றுமில்லை. தொப்பியைக் கழற்றக் கை நீட்டினேன், அந்தப் பெண் தடுத்தார்.

"செத்த நேரம் பொறுங்க. ரத்தம் வந்து சேரணும்ல?"

சிவப்பு ஏறியது.

திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் காளையைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். ஒவ்வொரு தடவையும் ஏறியது.

"வெறும் சத்தம் வேற, பேச்சு வேறன்னு பிரிச்சுக் கேக்குறாரும்மா. எம்புட்டுப் புரியுதுன்னு இத வச்சுச் சொல்ல முடியாது."

"இம்புட்டுப் போதும் தாயி" என்றாள் அக்கா.

இப்படிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: டை அடிக்காதீர்கள், எண்ணெய் வைக்காதீர்கள், காலையிலேயே போய்விடுங்கள். நோயாளியை வம்புக்கு இழுக்கிற ஆளையும் கூட்டிப் போங்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் அக்கா மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தாள். "காளை ஒண்ணும் படுக்கல. கால் வழுக்கிருச்சு. அவருக்குத் தெரியும்."

படுத்துத்தான் கிடந்தது. இல்லையென்றால் மச்சானே வாயைத் திறந்து சொல்லட்டும். அதுவரை தினமும் சாயங்காலம் போய் அவரிடம் இதையே சொல்லப்போகிறேன்.