தலைவர் வீட்டு பாத்ரூமும் ஒரு குளிர் நாட்டின் வெளியுறவுக் கொள்கையும்

நான் பள்ளிக்கூடத்தில் அரசியல் அறிவியல் எடுக்கிறவள். பிளஸ் டூ பாடத்தில் வெளியுறவுக் கொள்கை என்று ஒரு பகுதி உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய பீரியடில் அதை எடுத்தால் பிள்ளைகள் தூங்குவார்கள், சில நாள் எனக்கே கண் சொக்கும். ஆனால் அதை எடுத்த ஒரே பாவத்துக்காக, அஸ்தினாபுரத்தில் எங்கள் நகரின் குடியிருப்போர் சங்கத்தில் வெளிநாடு என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் என் வீட்டு காலிங் பெல் அடிக்கும். யாருக்காவது விசா நேர்காணல் என்றாலும் நான்தான், யார் வீட்டுப் பேரனாவது தமிழ் தெரியாமல் வந்து இறங்கினாலும் நான்தான்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சர்ச்சிலிருந்து வந்து புடவைகூட மாற்றாத நேரத்தில், சங்கத் தலைவர் வந்து உட்கார்ந்தார். பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் கிடையாது, ஆனால் பேச ஆரம்பித்தால் எதிராளிக்கு வாய் எதற்கு இருக்கிறது என்றே மறந்துவிடும். அவருடைய மாப்பிள்ளை ஐரோப்பாவில் ஒரு குளிர் நாட்டில் இருக்கிறார். அந்த நாட்டு அரசாங்கம் நம்மைப் போன்ற ஊர்களில் சின்னச் சின்ன வேலைகளுக்கு உதவி செய்கிறதாம். அவர்களுடைய வெளியுறவுக் கொள்கையே வளர்ச்சி, சுற்றுச்சூழல், மனித உரிமை என்று மூன்று காலில் நிற்கிறதாம். மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் உடனே கொடுத்துவிடுவார்களாம். அவர் சொன்ன தோரணையைப் பார்த்தால் அந்த நாட்டையே மாப்பிள்ளை பேரில் ரிஜிஸ்டர் செய்துவிட்டார்களோ என்று இருந்தது.

வளர்ச்சிக்கும் சுற்றுச்சூழலுக்கும் எங்களிடம் சரக்கு இருந்தது. ஏரிக்கரையோரம் சங்கம் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தது. நகரின் குப்பை முழுக்க அங்கே போய், மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிந்து, மக்குவது உரமாகும். ஏரிக்குள் குப்பை விழுவது நின்றதே அதனால்தான். "மனித உரிமைக்கு என்ன பண்ணலாம் டீச்சர்?" என்று தலைவர் கேட்டார், ராத்திரிக்கு என்ன டிபன் என்று கேட்கிற குரலில்.

நான் யோசிக்கவே இல்லை. கக்கூஸ் கட்டலாம் சார் என்றேன்.

அந்தக் கொட்டகையில் ஐந்து பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் மூத்தவரை எல்லோரும் பெரியக்கா என்போம். கூடுவாஞ்சேரிப் பக்கத்திலிருந்து விடியற்காலை மின்சார ரயில் ஏறி, குரோம்பேட்டையில் இறங்கி வருவார். மதியம் வரை வேலை. அதுவரை ஒதுங்க ஓர் இடம் கிடையாது. முன்பாவது ஏரிக்கரையில் புதர் இருந்தது. அழகுபடுத்துகிறோம் என்று நடைபாதை போட்டு, விளக்கு போட்டு, அதையும் வெட்டிவிட்டார்கள். சுற்றியிருந்த வீடுகளில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் கேட்டுக்கு வெளியே சொம்பில் தருவார்கள், அதற்கு மேல் கிடையாது. என் வீடு நான்கு தெரு தள்ளி, காலையில் பூட்டினால் சாயங்காலம்தான் திறக்கும். எனவே பெரியக்கா விடியற்காலை குடிக்கிற டீயோடு சரி. சித்திரை வெயிலில்கூட வேலை முடியும்வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டார். போன கோடையில் நீர்க்கடுப்பு முற்றி, குளிர்ஜுரம் வந்து, ஆஸ்பத்திரியில் படுத்தே விட்டார். இன்னொரு கோடை இப்படிப் போனால் கிட்னி தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விடவும் வழியில்லை, அந்த வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான். இதை நான் சங்கக் கூட்டத்தில் சொல்லாத மாதம் கிடையாது. நியாயமான விஷயம், பரிசீலிக்கலாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவார்கள். அடுத்த விஷயம் எப்போதும் கார் நிறுத்துவதைப் பற்றியதாக இருக்கும். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும்.

ஆக, விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். கொஞ்ச நாளில் பதில் வந்தது. அவர்களுடைய தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம்.

அவ்வளவுதான், எங்கள் நகருக்குச் சாமி வந்துவிட்டது. பெரிய மனிதர் வருகிறார் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று நம் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். போதாதென்று ஏரிக்கரை நெடுகிலும் கொட்டினார்கள். நெகிழியை ஒழிப்போம் என்று பளபளக்கும் பிளாஸ்டிக்கில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் வந்தது. அதில் தலைவர் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்க, ஏரி அவர் முழங்கையின் கீழே தபால்தலை அளவில் இருந்தது. கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து, உள்ளே இருந்த குப்பை முழுவதையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, தரையைப் பினாயில் போட்டுக் கழுவினார்கள். ஐந்து பெண்களும் குளித்து, பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து வர வேண்டும் என்று உத்தரவு. குப்பையைப் பார்க்க வருகிறவருக்குக் குப்பையை ஒளித்துவைக்கிறீர்களே சார் என்று நான் கத்தினேன். விருந்தாளி வரும்போது வீட்டைப் பெருக்கமாட்டீர்களா டீச்சர் என்று என்னையே திருப்பிக் கேட்டார் தலைவர்.

"இன்னா டீச்சரம்மா, பொண்ணு பாக்க வராங்களா?" என்றார் பெரியக்கா, பூவைச் செருகிக்கொண்டே.

வந்தவர் ஒரு பெண்மணி. நல்ல உயரம், பருத்தி குர்தா, கூடவே டிரைவர் மட்டும். காரிலிருந்து இறங்கிக் காலைப் பிளீச்சிங் பவுடரில் வைத்ததும் அடுக்கடுக்காகத் தும்மினார். இது என்ன பொடி, ஏரிக்கு இவ்வளவு பக்கத்தில் ஏன் என்று என்னிடம் கேட்டார். உங்களுக்கான மரியாதை என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

தலைவர் பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தார். அம்மையார் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, மன்னிக்க வேண்டும், எங்கள் அரசாங்க விதிப்படி அன்பளிப்பு எதையும் நாங்கள் வாங்கக் கூடாது என்றார். விரித்த பொன்னாடையை மடிக்கிற வழக்கம் நம்மிடம் உண்டா? யார் தோளிலாவது அது விழுந்துதானே ஆக வேண்டும். கடைசியில் அது டிரைவர் தோளில் விழுந்தது. சந்தன மாலையும் அவர் கழுத்துக்கே போயிற்று. கைதட்டல், போட்டோ எல்லாம் ஆயிற்று. மனிதர் சம்பந்தி மாதிரி நாள் முழுக்க அந்தக் கோலத்திலேயே சுற்றினார்.

பிறகு கொட்டகை. அம்மையார் உள்ளே போய் நாலு பக்கமும் பார்த்தார். குப்பை எங்கே என்று கேட்டார். குப்பையே இல்லை மேடம் என்றார் தலைவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அதை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று பார்க்கத்தானே வந்தேன் என்றார் அந்த அம்மா, பாவம், பொறுமையாக.

சங்கச் செயலாளர் தலைதெறிக்க ஓடினார். வீட்டுக்கு வீடு போன் பறந்தது. உடனே குப்பை வேண்டும், இருக்கிறதைக் கொண்டுவாருங்கள். வெளிநாட்டுக்காரர் முன்னால் குப்பையைப் பக்கெட்டில் தூக்கி வர யாருக்கு மனசு வரும்? எங்கள் பெண்மணிகள் எவர்சில்வர் தாம்பாளத்தில் வாழைப்பழத் தோலும் வெண்டைக்காய்க் காம்பும் அடுக்கி, வரிசையாக ஏந்திக்கொண்டு வந்தார்கள். அசல் சீர்வரிசை. ஒரு வீட்டில் காலையிலேயே குப்பையைக் கொட்டிவிட்டதால் நல்ல பூசணிக்காயை அரிந்து கொண்டுவந்துவிட்டார்கள். பட்டுப்புடவையில் ஐந்து பெண்களும் உட்கார்ந்து அந்தச் சீரைப் பிரித்தார்கள். இத்தனை பட்டுப்புடவைகளில் இங்கே தினமும் வேலை செய்கிறவர்கள் யார் என்று அம்மையார் என் காதில் கேட்டார். நான் பெரியக்காவையும் மற்ற நால்வரையும் காட்டினேன். சிரிப்பை அடக்குவதற்குள் எனக்கு விலாவே வலித்துவிட்டது.

பொன்னாடையை மறுத்துவிட்டோமே என்று அந்த அம்மாவுக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். அதனால் குடிக்கக் கொடுத்ததை மறுக்கவே இல்லை. ஒரு வீட்டில் இளநீர் என்றால் அடுத்த வீடு சும்மா இருக்குமா? மோர் வந்தது, ரோஸ் மில்க் வந்தது, ஃபில்டர் காபி வந்தது, பாதாம் பாலும் வந்தது. எல்லாவற்றையும் நன்றி சொல்லிக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் என் பக்கமாகச் சாய்ந்து, இங்கே பாத்ரூம் எங்கே என்று மெதுவாகக் கேட்டார்.

நான் மெதுவாகத்தான் தலைவரிடம் சொன்னேன். அது எப்படித் தெரு முழுக்கப் பரவியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எங்க வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட், எங்க வீட்டில் வெந்நீர் வரும், எங்க வீட்டில் போன மாதம்தான் டைல்ஸ் மாற்றினோம் என்று ஒரே போட்டி. படாரென்று எல்லாக் கதவும் திறந்தன. அத்தனை கதவு அந்தத் தெருவில் இருந்ததையே அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜெயித்தது தலைவர் வீடு. மாப்பிள்ளை வருகிறார் என்று மார்பிள் போட்டுக் கட்டிய பாத்ரூம். தலைவரின் மனைவி புதுத் துவாலை, புது சோப்பு, ஊதுவத்தி எல்லாம் எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினார்.

பெரியக்காவும் மற்ற நால்வரும் தலைவர் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மையார் வெளியே வந்தார். பெரியக்காவைப் பார்த்ததும் அவருக்கு என் விண்ணப்பம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வேலை நேரத்தில் நீங்கள் எங்கே போவீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் முந்திக்கொண்டார். இவர்கள் எங்கள் குடும்பம் மாதிரி மேடம், இங்கே எல்லா வீடும் அவர்கள் வீடுதான், எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று அழகான இங்கிலீஷில் சொன்னார். தவளை தன் வாயால் கெடும் என்பது பொய்யா?

அன்றைக்கு நான் மொழிபெயர்ப்பாளர். இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் சொல்ல வேண்டியது என் கடமை. ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"அக்கா, இங்க எல்லா வீடும் உங்க வீடுதானாம். எப்ப வேணும்னாலும் உள்ள வரலாம்னு தலைவர் சொல்றாரு."

பெரியக்கா தலைவரைப் பார்த்தார். தலைவர் அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் சிரித்த முகமாகத் தலையாட்டினார்.

"அப்பிடியா? நல்லதாப் போச்சு சார்" என்று சொல்லிவிட்டு, பெரியக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, தலைவர் மனைவியைத் தாண்டி, நேராக மார்பிள் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மற்ற நால்வரும் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி கதவுக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். தலைவர் மனைவியின் கையில் ஊதுவத்தி புகைந்துகொண்டே இருந்தது. அம்மையாருக்கு ஒரே மகிழ்ச்சி, எதையோ குறித்துக்கொண்டார். ஸ்தோத்திரம், இதைப் பார்க்க எனக்குக் கண் இருந்ததே.

கார் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் தலைவர் நினைத்தார். மறுநாள் காலையில் அவர் வீட்டு காலிங் பெல் அடித்தது. அதற்கு மறுநாளும் அடித்தது. சொன்ன சொல்லை ஊரே கேட்டிருக்கிறது, எப்படி மறுப்பார்? நாளைக்கே அந்த அம்மா திரும்பி வந்து கேட்டால்? ஐந்து பேரும் பத்து மணிக்கு வருவார்கள், முறைவைத்துப் போவார்கள், போகும்போது தலைவர் மனைவியிடம் இரண்டு வார்த்தை அன்பாக விசாரித்துவிட்டும் போவார்கள். அதுதான் அந்த வீட்டம்மாவால் தாங்கவே முடியவில்லை.

பிறகு தூதரகத்திலிருந்து பதில் வந்தது. அந்த நாட்டில் தேர்தல் முடிந்து புது அரசாங்கம் வந்துவிட்டதாம். வெளிநாட்டு உதவிக் கொள்கையை மறுபடி பரிசீலிக்கிறார்களாம். அதுவரை எல்லாச் சிறு திட்டங்களும் நிறுத்திவைப்பாம். பரிசீலிக்கிறார்கள் என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் சங்கத்திலிருந்து யாராவது அங்கே மந்திரியாகப் போய்விட்டார்களோ என்று பார்த்தேன்.

எல்லாம் போச்சு என்று நான் அன்றைக்கு அழுதேவிட்டேன். கோடை வாசலில் வந்து நின்றுவிட்டது. அரசியல் அறிவியல் எடுக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா, அவன் ஊர் ஓட்டுக்கும் நம் ஊர் கக்கூஸுக்கும் முடிச்சுப் போட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆனால் தலைவர் மனைவி அழவில்லை. எந்தக் கூட்டத்துக்கும் வராதவர் அவசரக் கூட்டம் ஒன்றைக் கூட்டவைத்து, தானே வந்து உட்கார்ந்தார். அவர் சொன்னது ஒன்றுதான். என் வீட்டு பாத்ரூமை அவர்களுக்கு எழுதிவைக்கப் போகிறீர்களா, இல்லை கொட்டகையில் ஒன்று கட்டப் போகிறீர்களா? கார் நிறுத்துவதைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் மூச்சுவிடவில்லை. ஆண்டுக்கணக்காகப் பரிசீலனையில் இருந்தது சித்திரை பிறப்பதற்குள் கட்டி முடிந்துவிட்டது. வெளிநாட்டுக் காசு ஒரு பைசா வரவில்லை.

திறப்பு விழா இல்லாமலா? ரிப்பன் கட்டினார்கள், தலைவர் வெட்டினார். கனவு, தொலைநோக்கு, மனித நேயம் என்று நெடுநேரம் பேசினார். பிறகு, நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று பெரியக்காவைக் கூப்பிட்டார்.

பெரியக்கா முன்னால் வந்து, சுற்றி நின்ற எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"அந்த வெள்ளக்காரம்மா மறுபடி வந்தாங்கன்னா எங்களாண்ட அனுப்புங்க. நீங்க யாரு வந்தாலும் சரி. எங்க கக்கூஸுக்கு வரக் கூடாதுன்னு நாங்க யாரையும் சொல்ல மாட்டோம்."

பெரியக்கா மேசைமேல் தலைவருக்காக வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து, எங்கள் எல்லோர் முன்னாலும், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.