இராசமலர் எடுத்த ஊஞ்சல் கதிரை

இராசமலர் பெரிய உடம்புக்காரி. அது அவளுக்கே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் ஐம்பத்திரண்டு வருஷமாக யாராவது ஒருவர் அதை அவளுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். சின்ன வயதில் சித்திரை வருஷப்பிறப்புக்குப் புளியமரத்தில் ஊஞ்சல் கட்டினால், அவளுடைய முறை வரும்போது பெடியள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு "கொப்பு முறியும்" என்பார்கள். வளர்ந்த பிறகு கலியாண வீடுகளில் அவள் படலைக்குள் கால் வைத்ததும், யாராவது ஓடிவந்து ஒரு பிளாஸ்ரிக் கதிரைக்கு மேல் இன்னொரு கதிரையை அடுக்கி வைப்பார்கள். அன்பாகத்தான் செய்வார்கள். அந்த அன்பை அவள் ஒருநாளும் மன்னித்ததில்லை.

சண்டிலிப்பாயில் அவளுடைய வீடு. மருதனார்மடச் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம். விடிய முன்னமே போய் சீமெந்துத் தரையில் நின்றால் வெயில் ஏறும் மட்டும் நிற்பாள். கத்தரிக்காய் மூட்டையில் ஒரு காயைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்து விலை சொல்லுவாள். சொன்ன விலையிலிருந்து இறங்கமாட்டாள். அவளுடைய புருஷன் சோமசேகரம் மெலிந்த, சத்தமில்லாத மனுஷன். சின்ன லொறியில் சாமான் ஏற்றி இறக்குவது அவருடைய வேலை. இரண்டு பேரும் சேர்ந்து ஓடித்தான் மகள் ஜெயனியைப் படிப்பித்தார்கள். இப்போது அவள் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள்.

இந்த வருஷம் வீட்டுக்கு முன்னால் புதிதாக ஒரு வெளிவிறாந்தை எடுத்தார்கள். மேலே கொங்கிறீற் தட்டு, கீழே மாபிள், தெருப்பக்கம் இடுப்பளவு மதில். ஜெயனிக்குச் சாவகச்சேரிப் பக்கத்துப் பெடியன் ஒருவனோடு, கீர்த்திகன் என்று பெயர், கலியாணம் பேசி முடிகிற நிலையில் இருந்தது. பெடியனின் வீட்டார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றதும் ஜெயனி விறாந்தையை அழகுபடுத்தத் தொடங்கினாள். பூச்சட்டி வந்தது, மின்குமிழ் மாலை வந்தது. ஒருநாள் பின்னேரம் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். முட்டை வடிவத்தில் வெள்ளைக் கூடை ஒன்று, இரும்புக் காலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஊஞ்சல் கதிரை அம்மா. எல்லா வீட்டிலையும் இப்ப இதுதான். அந்த மூலையிலை வைச்சால் நல்ல வடிவாயிருக்கும்."

இராசமலர் படத்தை நன்றாகப் பார்த்தாள். கால் நிலத்தில் முட்டாமல், உடம்பு முழுவதையும் ஒரு கூடைக்குள் போட்டுவிட்டு இருக்கலாம் போலிருந்தது.

"இதிலை நானும் இருக்கலாமெல்லே?"

ஜெயனி போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்களுக்கு உது சரிவராது அம்மா. உங்களுக்கு நல்ல பலமான மரக்கதிரை ஒண்டு எடுப்பம்."

சனிக்கிழமை ஜெயனி கடைக்கு வெளிக்கிட்டபோது அவளும் சேலை மாற்றிக்கொண்டு கூடப் போனாள்.

நகரத்துத் தளபாடக் கடை. மேல்மாடி முழுக்க ஊஞ்சல் கதிரைகள் தொங்கின. ஜெயனி முட்டைக் கூடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இராசமலர் பக்கத்தில் தொங்கிய இன்னொன்றின் விளிம்பைப் பிடித்து, திரும்பி, இருக்கப் போனாள்.

"அம்மா! இருக்காதேங்கோ!"

கடைக்காரர் மற்றக் கோடியிலிருந்து கத்தியபடி ஓடிவந்தார். வாங்க வந்த ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அது உங்கடை நிறை தாங்காதம்மா. அறுந்தால் எங்களுக்கும் கரைச்சல், உங்களுக்கும் கரைச்சல். கீழை வாங்கோ, நல்ல பலமான செற்றிக் கதிரையள் இருக்கு."

அரைவாசி குனிந்த உடம்போடு இராசமலர் அப்படியே நின்றாள். ஜெயனியின் முகம் சிவந்து போயிருந்தது. "நான் சொன்னனான்தானே," என்று பல்லுக்குள்ளே சொல்லி, தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். கதிரை வாங்காமலே வீட்டுக்கு வந்தார்கள்.

கடைக்காரர் கத்தியது இராசமலருக்குப் பெரிதாகப் படவில்லை. சந்தையில் அதைவிட மோசமாகக் கேட்டிருக்கிறாள். மகள் கையைப் பிடித்து இழுத்த விதம்தான் மறக்க ஏலாமல் இருந்தது. கடைத் தட்டில் எதையோ தட்டி விழுத்தப்போன குழந்தையை இழுப்பதுபோல இழுத்தாள்.

திங்கட்கிழமை காலை சந்தை நல்ல சூடாக இருந்த நேரம். வெங்காய மூட்டை நிறுக்கிற பெரிய தராசில் இருந்த மூட்டையை இராசமலர் இறக்கச் சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறி நின்றாள். தோட்டக்காரர், மூட்டை தூக்குகிறவர்கள், மரக்கறி வாங்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் சிரித்தான். அவள் முள் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்து, விலை கூறுகிற அதே குரலில் சொன்னாள்:

"நூற்றிப் பன்னிரண்டு. கேட்டிட்டியளோ? இனி ஒருத்தரும் மதிப்புப் போடத் தேவையில்லை."

சிரித்தவன் வெங்காயத்தைப் பார்த்தான்.

அன்று வியாபாரம் முடிந்ததும் சோமசேகரத்திடம் லொறியை நகரத்துக்கு விடச் சொன்னாள். என்னத்துக்கு என்று அவர் கேட்டார். "கதிரைக்கு," என்றாள். அவர் வேறொன்றும் கேட்காமல் லொறியைத் திருப்பினார்.

கடைக்காரர் அவளைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார். "அம்மா, அண்டைக்குச் சொன்னனான்..."

"சொன்னனீங்கள். எவ்வளவு தாங்கும் எண்டு சொல்லேல்லை. அதைச் சொல்லுங்கோ."

"அது வந்து..."

"உதிலை ஒரு துண்டு தொங்குதெல்லே, அதிலை எழுதியிருக்கும். வாசியுங்கோ."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு தரம் பார்த்தார். "நூற்றைம்பது கிலோ," என்று மெதுவாகச் சொன்னார்.

"நான் நூற்றிப் பன்னிரண்டு. இண்டைக்குக் காலமைதான் நிறுத்தனான். இப்ப நான் இருக்கலாமோ?"

கடைக்காரர் ஒதுங்கி நின்றார்.

அன்றைக்கு அவள் ஒன்றையும் விடவில்லை. முதலில் துணிக் கதிரை. பிள்ளையை ஏணைக்குள் போட்டதுபோல அது அவளை விழுங்கிவிட்டது. எழும்ப இரண்டு கையும் ஊன்ற இடமில்லை. "இது இருக்கிறதுக்கு நல்லது, எழும்புறதுக்குக் கூடாது," என்று சொல்லி, சோமசேகரத்தின் தோளைப் பிடித்து எழும்பினாள். அடுத்தது நூல்கயிற்றில் பின்னிய வலை. பார்க்க வடிவு. இருந்து எழும்பியபோது வலையின் கட்டம் கட்டமாகத் தொடையில் பதிந்து நொந்தது. பலகை ஊஞ்சலைக் கடைக்காரர் தானே காட்டினார், அதுதான் உறுதி என்றார்.

"உறுதிதான். உதிலை இருக்கிறதுக்கும் சந்தையிலை பெட்டிக்கு மேலை இருக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?"

பிறகு இரண்டு பேர் இருக்கிற பெரிய கூடை. "இது உங்களுக்கெண்டே செய்தது மாதிரி," என்றார் கடைக்காரர். அவள் ஏறினாள். ஒராள் இருந்ததும் அது ஒரு பக்கம் சரிந்து, அவளை மூலைக்குத் தள்ளியது. "இது ரெண்டு பேருக்குச் செய்தது. நான் ஒராள்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மகள் ஆசைப்பட்ட முட்டைக் கூடையிலும் இருந்து பார்த்தாள். தாங்கியது, ஆனால் வாய் ஒடுக்கம். இரண்டு பக்கமும் இடுப்பை இறுக்கியது.

கடைசியாக, சுவரோரம் பின்னால் தள்ளித் தொங்கவிட்டிருந்த ஒன்றைக் கண்டாள். வாய் அகன்ற வட்டக் கூடை, பெரிய ஓலைக் கடகத்தைச் சரித்து வைத்ததுபோல. விளிம்பு தடித்த இரும்பு வளையம். இருந்தாள். முதுகு பின்னால் சாய்ந்தது, இரண்டு பக்கமும் காற்றோட இடமிருந்தது. விளிம்பைப் பிடித்து ஊன்றினால் எழும்பவும் முடிந்தது. திரும்ப இருந்தாள். கால்கள் நிலத்தை விட்டு மேலே வந்தன. விடியற்காலை தொட்டு நின்ற கால்கள். அவள் கண்ணை மூடினாள். சோமசேகரமும் கடைக்காரரும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றார்கள்.

"மெத்தை என்ன நிறத்திலை போடுறது? கறுப்புப் போட்டால் கொஞ்சம் மெல்லிசாய்த் தெரியும்," என்றார் கடைக்காரர்.

"மஞ்சள் இருக்கோ?"

"இருக்கு, ஆனால் அது நல்ல பளிச்செண்டு..."

"அதைப் போடுங்கோ."

கூடை லொறியில் வந்து இறங்கியதும் எங்கே தொங்கவிடுவது என்ற கதை தொடங்கியது. சோமசேகரம் பின்பக்கம், கிணற்றடி நிழல் நல்லது என்றார். பக்கத்து வீட்டில் இருக்கிற அவருடைய தங்கை சிவகௌரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "பின்னுக்குப் போடுங்கோ மச்சாள். முன்னுக்கெண்டால் தெருவாலை போறவை பாக்கப்போகினம்."

"பாக்கட்டும். இருபத்தைஞ்சு வருஷமாய்ச் சந்தையிலை நிக்கேக்கை பாத்தவைதானே. இப்ப இருக்கேக்கையும் பாக்கட்டும்."

மேசன் வந்து விறாந்தைத் தட்டில் துளை போட்டு, தடித்த கொளுக்கி இறுக்கினான். சோமசேகரத்துக்கு மனம் கேட்கவில்லை. மூன்று உருளைக்கிழங்கு மூட்டையைக் கூடைக்குள் ஏற்றி, ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்தார். கொளுக்கி அசையவில்லை. அப்படியும், இராசமலர் முதல்முதல் இருக்க வந்தபோது கூடைக்குக் கீழே ஒரு பழைய பஞ்சு மெத்தை விரித்துக் கிடந்தது.

"இதென்ன?"

"சும்மா... ஒரு பாதுகாப்புக்கு."

"எடுங்கோ."

"இஞ்சாரும், ஒரு கிழமைக்குக் கிடக்கட்டுமே."

"எடுங்கோ எண்டால் எடுங்கோ. என்ரை வீட்டிலை நான் இருக்கிறதுக்கு ஆருக்கும் பயம் வேண்டாம்."

அவர் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

ஜெயனி வங்கியால் வந்து மஞ்சள் மெத்தையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். தான் கேட்ட வெள்ளை முட்டை இல்லை. அதைவிட, தாய் தன்னைக் கூப்பிடாமலே போய் அதே கடையில் வாங்கியிருக்கிறாள். இரண்டு கிழமை அளவாகத்தான் கதைத்தாள். பெடியன் வீட்டார் வருகிற நாள் நெருங்கியபோது ஒருநாள் தாயின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, அண்டைக்கு ஒருநாள் மட்டும் உதிலை இருக்காமல் உள்ளுக்குக் கதிரையிலை இருங்கோவன். அவை என்ன நினைப்பினம்?"

"நான் என்ன, ஆக்கள் வரேக்கை ஒளிச்சு வைக்கிற சாமானோ பிள்ளை?"

ஜெயனி திரும்பி உள்ளே போய்விட்டாள்.

வந்தவர்களை இராசமலர் படலைக்குப் போய்க் கும்பிட்டுத்தான் கூட்டிவந்தாள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. கீர்த்திகனின் தாய் உதயகலா விறாந்தையில் காற்று நன்றாக வருகிறது, வெளியிலேயே இருப்போம் என்றார். ஜெயனி அவசரமாக மஞ்சள் மெத்தையைத் தட்டி, "மாமி, உதிலை இருங்கோ," என்றாள். "ஐயோ, எனக்குத் தலை சுத்தும்," என்று உதயகலா பிரம்புக் கதிரையில் இருந்தார். எல்லோரும் இருந்து முடிந்ததும் இராசமலர் வந்து தன்னுடைய கூடையில் இருந்தாள்.

உதயகலாவின் கண் மேலே கொளுக்கிக்குப் போய்க் கீழே வந்தது.

"அறாதோ?"

"அறுந்தால் விழுவன். விழுந்தால் எழும்புவன்."

உதயகலா சேலைத் தலைப்பைச் சரி செய்தார். "எங்கடை பக்கத்திலை, பொம்பிளையின்ரை தாய்மார் மாப்பிளை வீட்டாருக்கு முன்னாலை ஊஞ்சல் ஆடுறேல்லை."

"நான் ஆடேல்லை சம்மந்தி. இருக்கிறன்." இராசமலர் பெருவிரலால் நிலத்தை ஒருதரம் உந்தினாள். கூடை மெல்ல முன்னும் பின்னும் போனது. "இப்பதான் ஆடுறன்."

கீர்த்திகன் குனிந்து சிரிப்பை அடக்கினான். சோமசேகரம் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கலியாணத் திகதியைப் பற்றிக் கதைத்தார்கள், மண்டபத்தைப் பற்றிக் கதைத்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள். போகும்போது உதயகலா கும்பிட்டார், ஆனால் சிரிக்கவில்லை.

அவர்களின் கார் ஒழுங்கையைத் தாண்டித் தெருவில் ஏறியதும் ஜெயனி அழத் தொடங்கினாள். "இதாலை கலியாணம் குழம்பினால் என்னம்மா செய்யிறது?"

இராசமலருக்கும் நெஞ்சுக்குள் பயம் இருந்தது. அன்றிரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் மகளுக்குச் சொன்னது இதுதான்: "ஒரு கதிரையாலை குழம்பிற கலியாணம் எண்டால் இப்பவே குழம்பட்டும். பிறகு குழம்பினால்தான் கரைச்சல்."

மூன்று நாள் ஒரு செய்தியும் இல்லை. நாலாம் நாள் உதயகலா தானே போன் எடுத்தார். ஆவணியில் ஒரு நல்ல நாள் வருகிறது, உங்களுக்குச் சரியோ என்று கேட்டார். கதிரையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இராசமலரும் கேட்கவில்லை. "ஓம், சரி," என்றாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சந்தையால் வந்து, குளித்து, தலை துவட்டியபடி இராசமலர் விறாந்தைக்கு வந்தாள். ஜெயனி கூடைக்குள் கால் இரண்டையும் மடித்துப் போட்டுக்கொண்டு, கீர்த்திகனோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். தாயைக் கண்டதும் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"நல்ல சுகமாயிருக்கம்மா உது," என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

"ஓம், தெரியும். எழும்பு."

"அங்காலை பிரம்புக் கதிரை சும்மாதானே கிடக்கு அம்மா."

"அதிலை நீ போய் இரு."

ஜெயனி முணுமுணுத்துக்கொண்டு எழும்பினாள். இராசமலர் மெத்தையைத் தட்டிவிட்டு, திரும்பி, முழுப் பாரத்தோடும் இருந்தாள்.